பேனா நுழையாத அறையும் என் வலது கையும்

1952 ஆடி மாதக் கடைசியில் என் வலது கை எழுத மறுத்தது. அப்போது நான் சங்கரன்கோவிலில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் தற்காலிக நகல் எழுத்தர். பதிவாகும் பத்திரங்களை ஓர் எழுத்துக்கூட மாறாமல் பெரிய பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். நான்காவது வரிக்கு வந்ததும் கட்டைவிரல் உள்ளே மடங்கிக்கொள்ளும், மணிக்கட்டு இறுகும், பேனா நகராது. ஆவணி முடிவதற்குள் கை சரியாகாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். எழுதாத பத்திரங்கள் கட்டுக் கட்டாகத் தேங்கிக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் எலும்பிலும் நரம்பிலும் குறையில்லை என்றார்கள். கோமதியம்மன் சந்நிதிப் புற்றுமண்ணைப் பத்து நாள் பூசினேன். பிறகுதான் ரத வீதியை ஒட்டிய சந்தில் இருந்த மனோவசிய வைத்தியரிடம் போனேன்.

அவர் புளியங்குடிக்காரர். கொழும்பில் கம்பவுண்டராக இருந்தபோது தபால் வழியாக ஹிப்னாடிசம் படித்தவர். காலையில் ஹோமியோபதி உருண்டைகள், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மனோவசியம். காய்ச்சல், கட்டி என்று வருபவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். கதவைச் சாத்தமாட்டார். ஆனாலும் அவர் ஆளை மயக்கி நிலத்தை எழுதி வாங்கிவிடுவார் என்று ஊரில் ஒரு பயம் இருந்தது. அதனால் அவர் ஒரு விதி வைத்திருந்தார். அந்த அறைக்குள் பேனா, பென்சில், மைப்பெட்டி, துண்டுக் காகிதம் எதுவும் நுழையக் கூடாது. வருபவர்கள் எல்லாவற்றையும் அடுத்த தையல் கடையில் கொடுத்துவிட்டு வர வேண்டும். நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளைக்கூட அவர் தையல் கடையில் நின்றுதான் எழுதுவார்.

என் பேனாவையும் பையையும் வாங்கிக்கொண்ட தையல்காரர், "பத்திர ஆபீஸ் ஆளே வந்தாச்சு. இனி எழுதி வாங்குத வேலை சுளுவு," என்று சிரித்தார்.

மனோவசியம் என்றால் நினைவு தப்பும் என்று நான் படித்திருந்தேன். தப்பவில்லை. தையல் மெஷின் ஓடுவதும் தென்காசி பஸ்ஸின் ஹாரனும் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தன. வைத்தியர், "கை கனக்குது, இரும்பா கனக்குது," என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கை கனத்தது. எவ்வளவு உண்மை என்று அறிய ஒரு விரலைத் தூக்கினேன். தூக்க முடிந்தது. ஆனால் தூக்கி வைத்திருக்கத் தோன்றவில்லை.

"சோதிச்சுப் பாத்தீரோ? பாரும், நல்லதுதான்," என்றார் அவர்.

ஆறு முறை போனேன். அலுவலகத்தில் கை இப்போது இரண்டாவது வரியிலேயே நின்றது.

"அண்ணாச்சி, கூடத்தான் செய்யுது," என்றேன்.

"என்னைக்கி எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"தேதிவாரியா டயரியில வச்சிருக்கேன்."

வைத்தியரோடு தையல் கடைக்குப் போய், என் பையிலிருந்து டயரியை எடுத்துக் கொடுத்தேன். அவர் அங்கேயே நின்று பக்கங்களைப் புரட்டினார். பிறகு நிமிர்ந்தார்.

"இதை யாரு எழுதுனா?"

"நான்தான்."

"எந்தக் கையால?"

தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டார். "எழுத முடியலைன்னு முத்து முத்தா ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்காரு வே!"

வைத்தியர் சிரிக்கவில்லை. "தப்பு எம்மேல. எழுதுத கைக்கு வைத்தியம் பாக்கேன், அது எழுதி ஒரு நாளும் பாக்கலை. இறுகிக் கெடக்க கையைப் போயி இன்னும் கனக்க வச்சிருக்கேன்." பிறகு கேட்டார்: "டயரியில தப்பு வந்தா என்ன செய்வீரு?"

"அடிச்சிட்டு எழுதுவேன்."

"ஆபீஸ்ல?"

பதிவுப் புத்தகத்தில் தப்பைச் சுரண்டி அழிக்கக் கூடாது. எந்த வரியில் எந்தச் சொல் அடிக்கப்பட்டது என்று பக்கத்தின் அடியில் குறித்து, அதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஆனி மாதத்தில் ஒரு நாள் கிழக்கெல்லையை மேற்கு என்று எழுதி, திருத்தி, அவர் முன் கொண்டுபோனேன். "உம்ம தப்புக்குக் கையெழுத்துப் போட்டே என் கை தேஞ்சிரும்போல," என்றார், எல்லாரும் கேட்க. அதற்குப் பிறகு நான் ஒரு திருத்தமும் செய்யவில்லை. இதை நான் டயரியில் எழுதியிருக்கவில்லை என்பதே வைத்தியரிடம் சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் வைத்தியர் தம் விதியைத் தாமே மீறினார். என் பேனா உள்ளே போனது. தையல்காரரைச் சாட்சியாக வாசற்படியில் உட்காரவைத்தார்.

"எழுதி வாங்குதாரு, எல்லாரும் வந்து பாருங்க!" என்று தையல்காரர் தெருவுக்குக் கேட்கக் கூவினார்.

"பாக்கட்டும்," என்றார் வைத்தியர்.

மனோவசியத்தால் என்னை அமைதிப்படுத்திவிட்டு, குருவிகுளத்தில் இருப்பதாகக் கற்பனை செய்த ஒரு புஞ்சைக்குக் கிரயப் பத்திரம் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு வரியிலும், "இங்கன தப்பா எழுதும்," என்றார். முதல் தப்பை எழுத எனக்கு வியர்த்தது. எழுதினேன், அடித்தேன், அடியில் குறித்தேன். தையல்காரர் அதிகாரியாகித் துணிக்குக் கோடு போடும் சாக்கட்டியால் கையெழுத்திட்டார். ஏழாவது திருத்தத்தில் எனக்கே சிரிப்பு வந்தது. பக்கம் முடிந்தபோது கட்டைவிரல் மடங்கியிருக்கவில்லை.

குணமாக்கியது மனோவசியமா, வேண்டுமென்றே எழுதிய தப்புகளா என்று கேட்டேன்.

"தெரியலை வே. தெரிஞ்சா நானும் அடுத்த ஆளுக்கு ஆறு நாள் வீணாக்க மாட்டேன்," என்றார்.

ஆவணி இருபத்தெட்டாம் தேதி ஒரு முழுப் பத்திரத்தையும் ஒரே அமர்வில் எழுதினேன். அதில் இரண்டு திருத்தங்கள், இரண்டும் உண்மையான தப்புகள். புத்தகத்தை அதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டுக்கும் பக்கத்தில் கையெழுத்திட்டார். பிறகு தலை நிமிராமல், தேங்கிக் கிடந்த கட்டிலிருந்து அடுத்த பத்திரத்தை உருவி என் பக்கம் தள்ளினார்.