ஒன்றரை மணி நேரம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அன்று அதற்கு நல்ல வேட்டை.

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஆபீஸ். எந்தக் கன்டெய்னர் கப்பலில் எந்த இடத்தில் ஏற வேண்டும் என்று ஒரு மென்பொருளில் படம் போட்டு அனுப்புவது என் வேலை. நாலு மணிக்குள் படம் போகாவிட்டால் எங்கள் நாற்பது பெட்டிகளும் கரையிலேயே கிடக்கும். கப்பல் யாருக்காகவும் நிற்காது.

மூன்று மணிக்குக் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது, மென்பொருள் மட்டும் திறக்கவில்லை. லைசென்ஸைச் சரிபார்க்கும் சர்வருடன் இணைய முடியவில்லையாம். பொய் சொல்வானேன், எனக்கு உள்ளூர ஒரே உற்சாகம்! இந்த மாதிரி மல்லுக்கட்டு எனக்குப் பிடிக்கும். கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். மோடத்தை அணைத்துப் போட்டேன். நெட் கம்பெனிக்காரரைப் போனில் வறுத்தெடுத்தேன்.

"நெட்டு நல்லாத்தான மேடம் இருக்கு?" என்றார் அவர். நல்லாத்தான் இருந்தது. மற்றதெல்லாம் திறந்தது.

"ஏளா, கப்பல் போயிரும்ளா!" என்று மேனேஜர் அண்ணாச்சி என் நாற்காலிக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

கடைசியில் மென்பொருள் கம்பெனியின் உதவி எண்ணில் ஒரு பெண்ணைப் பிடித்தேன். அவளையும் ஒரு பாட்டம் திட்டினேன். அவள் அசரவில்லை.

"உங்க கம்ப்யூட்டர்ல மணி என்ன காட்டுது மேடம்?"

"ரெண்டு பத்து" என்று திரையைப் பார்த்து விறைப்பாகப் படித்தேன்.

"இங்க மூணு நாப்பது மேடம்."

நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நாற்பதேதான். லீவு முடிந்து என் வீட்டுக்காரர் துபாய்க்குத் திரும்பிப் போய் இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அங்கே இப்போது என்ன மணி, சாப்பிட்டிருப்பாரா என்று மனசு ஓயாமல் கணக்குப் போட்டது. அதனால் அன்று காலை நானே கம்ப்யூட்டர் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளி, துபாய் நேரத்துக்கு வைத்திருந்தேன். மென்பொருள் அதற்கு முன்பே திறந்திருந்ததால் மூன்று மணி வரை ஒன்றும் தெரியவில்லை; மறுபடி திறக்கப் போனபோது மணி பொருந்தாததால்தான் சர்வர் என்னை உள்ளே விடவில்லை.

மாற்றினேன். திறந்துவிட்டது! நாலுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது படம் போய்ச் சேர்ந்தது. ஆபீஸே கை தட்டியது. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

"என்னளா கோளாறு?" என்றார் அண்ணாச்சி. மறைக்கத் தோன்றவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் காலை, சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொரு கடிகாரம் தொங்கியது. ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"கம்ப்யூட்டர்ல இனி கை வைக்காதளா" என்றார் அண்ணாச்சி, ஃபைலிலிருந்து தலை தூக்காமல். "மாப்பிள்ளை எந்திரிச்சிட்டாரான்னு அங்கன பாத்துக்கிடு."