கேஸ் பிடிக்க வந்தவள்

கோம்பைக்குப் பக்கத்து ஊரில் நான் துணை நர்சாக வேலைக்குச் சேர்ந்த புதிதில், தட்டித் திறக்க வேண்டிய கதவென்று எனக்கு எதுவும் இருந்ததில்லை. பிரசவம் பார்ப்பது, பிள்ளைகளுக்கு ஊசி போடுவது, வெந்நீர் வைக்கத் தெரியாமல் முழிக்கிற புருஷன்மாரை அதட்டுவது, இதுதான் என் உத்தியோகம். வீட்டுக்கு வீடு காபி குடித்தே என் வயிறு கெட்டது.

எழுபதுகளின் நடுவில் எல்லாம் மாறியது. மாதாமாதம் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் கூட்டிவர வேண்டும், இல்லாவிட்டால் சம்பளம் நிற்கும் என்றார்கள். அப்படிக் கூட்டிவரும் பெண்ணுக்கு ஆபீஸில் வைத்த பெயர் ‘கேஸ்’. பிரசவ வலியில் துடித்தவளை ஏற்ற ஒருநாளும் வராத ஜீப், கேஸை ஏற்ற வாசலுக்கே வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜீப் சத்தம் கேட்டதுமே தெரு காலியாகிவிடும்.

அப்படியொரு தெருவில் ஒருத்தி மூன்றாவது பிள்ளைக்கு நிறைமாதமாக இருந்தாள். முதல் இரண்டும் பெண்; இரண்டு பிரசவமும் நான்தான் பார்த்தேன். வாய்க்காலில் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது கால்களைக் கவனித்தேன். வீங்கி மினுமினுத்தன. முகமும் ஊதியிருந்தது. “தல வலிக்குதாத்தா?” என்றேன். நனைந்த துணியை அப்படியே சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த வீக்கத்தைப் பார்க்காமல் விட்டால் வலிப்பில் கொண்டுபோய் விடும், தாயும் பிள்ளையும் தங்காது என்று எனக்குத் தெரியும். பயமாக இருந்தது.

மறுநாள் நடந்தே அவள் வீட்டுக்குப் போனேன். மாமியார் வாசலை மறித்து நின்றாள்.

“அவ இங்கன இல்ல நர்சம்மா. மலைக்கு ஏலப்பழம் எடுக்கப் போயிட்டா.”

“நெறமாசக்காரி மலை ஏறுனாளாக்கும்? காலப் பாக்கணும் ஆத்தா, அம்புட்டுதான். ஆபரேஷன் பேச்சே எடுக்க மாட்டேன்.”

“எங்க சின்ன மருமகளையும் இப்படிச் சொல்லித்தான் கூட்டிட்டுப் போயி அறுத்து விட்டீக.”

கூட்டிப் போனது வேறொரு நர்சு. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவளுக்கு வெள்ளைச் சேலை எல்லாம் ஒன்றுதான்.

தினமும் போனேன். தினமும் அவள் மலைக்கே போயிருந்தாள். கடைசியில் ஒருநாள் காலையில் அவள் புருஷன் என்னைத் தேடி ஓடிவந்தான். உள்ளறையில் பருத்தி மூட்டைகளுக்குப் பின்னால் அவளை ஒளித்து வைத்திருந்தார்கள். வலிப்பு வந்து கண் செருகிக் கிடந்தாள். ஜீப் ஆபரேஷன் முகாமுக்குப் போயிருந்தது. மாட்டுவண்டியில் ஏற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, பெரிய ஆஸ்பத்திரி வரை அவள் தலையைத் தாங்கிக்கொண்டு போனேன். ஆத்திரம் தாங்காமல் வழிநெடுக, கூட வந்த அவள் மாமியாரை ஏசினேன்.

வயிற்றைக் கிழிக்காமல், ஆயுதம் போட்டுத்தான் பிள்ளையை எடுத்தார்கள். பையன். இரண்டு உயிரும் பிழைத்தது பெரிய காரியம்.

மறுநாள் அவள் கண் விழித்தபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். சந்தோஷமாகப் பிள்ளையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. கை சேலைக்குள் போய் அடிவயிற்றைத் தடவியது.

“என்னைய அறுத்துட்டீகளா?”

“இல்லத்தா. சத்தியமா இல்ல.”

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்துக் கட்டிலில் கிடந்த முன்பின் தெரியாத பெண்ணைக் கூப்பிட்டு, சேலையை விலக்கி வயிற்றைக் காட்டினாள்.

“நீ பாத்துச் சொல்லுக்கா” என்றாள்.