தட்டில் துள்ளிய மீன்

நாற்காலி முதுகில் கையைப் போட்டுத் தூங்கி எழுந்த என் மகளுக்கு இடது மணிக்கட்டு தொங்கிவிட்டது. பத்தாம் நாள் நரம்புப் பரிசோதனை. மருத்துவர் முழங்கைக்குக் கீழே லேசாக மின்சாரம் வைத்ததும் விரல்கள் துள்ளி நிமிர்ந்தன.

“நான் தூக்கலம்மா, அதுவா தூக்குது!” என்றாள்.

எனக்கு எங்கள் பழைய குவார்ட்டர்ஸ் சமையலறை ஞாபகம் வந்தது. அப்பா வடலூரிலிருந்து உயிரோடு விரால் மீன் வாங்கி வந்திருந்தார். அம்மா அதை அறுத்துக் கழுவி உப்புப் போட்டுப் பிசறியதும், தட்டிலிருந்த துண்டு ஒன்று வெட்டி இழுத்தது.

“மாதாவே, உசுரு இருக்குதுங்க!”

“தலய நீதானே அறுத்துப் போட்ட? கொழம்ப வையி, ஷிஃப்டுக்கு நேரமாவுது.”

“துடிச்சிகினு இருக்கிறத எப்படிங்க கொதிக்க வைப்பேன்?”

அது அடங்கும்வரை அம்மா அடுப்பையே பற்றவைக்கவில்லை. அப்பா மோர்ச்சோறு சாப்பிட்டுவிட்டு முனகிக்கொண்டே சைக்கிளை எடுத்தார்.

செத்த சதையும் துள்ளும் என்று பார்த்தவள் நான். அதனால் மகளின் விரல் துள்ளியதை நம்பப் பயந்து, மருத்துவரிடம் மீன் கதையைச் சொன்னேன்.

“உப்பு சதையையே நேரா தூண்டும்மா. நான் தூண்டினது நரம்பை. நரம்பு சொல்லி சதை கேட்டிருக்கு. மேல, கை அமுங்கின இடத்துல மட்டும் சேதி நிக்குது. நரம்பு அறுந்திருந்தா இத்தனை நாள்ல கீழேயும் பதில் வராது. கை திரும்பிடும்.”

ஐந்து வாரம் காத்திருந்தேன். நேற்றுக் காலை மூன்றாவது தோசையைத் தட்டில் வைக்கப் போனேன். மகள் இடது கையை நிமிர்த்தி, “போதும்மா,” என்று தடுத்தாள்.

காதில் விழாதவள்போல் நான்காவதையும் கொண்டுபோனேன். மறுபடியும் தடுத்தாள்.