நடுவர் கேட்ட கேள்வி

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது ஒரு கட்டுரைப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். வழக்கறிஞர்கள் சிலர் சேர்ந்து மாணவர்களுக்காக நடத்திய போட்டி. தலைப்பு, ‘அரசின் கண்காணிப்பும் பத்திரிகைச் சுதந்திரமும்’. தேர்வான கட்டுரைகளைக் காரைக்குடியில் ஒரு மண்டபத்தில் மேடையேறி வாசிக்க வேண்டும். நடுவர்கள் கேள்வி கேட்பார்கள்.

வீட்டில் சொன்னதும் அப்பா சிரித்துவிட்டார். “வேற தலைப்பே கெடைக்கலையா ஆத்தா ஒனக்கு?”

அவர் சிரித்ததற்குக் காரணம் உண்டு. அப்பா போலீஸ்காரர். ஆனால் அவரைச் சீருடையில் நான் பார்த்தது குறைவு. ஊரில் எங்கே கூட்டம், ஊர்வலம், உண்ணாவிரதம் என்றாலும் சாதாரணச் சட்டையில் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, யார் என்ன பேசினார்கள் என்று மேலே சொல்வதுதான் அவர் வேலை. எங்களுக்கு அது இன்னொரு அரசாங்க உத்தியோகம், அவ்வளவுதான். அதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

இணையத்தில் கிடைத்ததை மட்டும் வைத்து எழுத மனம் வராமல், கோட்டையூரில் ஒரு நிருபரைப் பார்க்கப் போனேன். நாளிதழ் ஒன்றுக்குப் பகுதிநேரமாகச் செய்தி அனுப்புகிறவர். வீட்டின் முன்னறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். வயலுக்குப் போட என்று அனுமதி வாங்கிக் கண்மாயில் அள்ளிய மண், செங்கல் சூளைக்குப் போவதை அவர் எழுதியிருந்தார். செய்தி வந்த கொஞ்ச நாளில், ஏதோ புகார் விசாரணை என்று அவருடைய செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். திருப்பிக் கொடுக்கச் சில வாரம் ஆனது.

“போனு போனது எனக்குப் பெருசில்லம்மா,” என்றார். “அதுக்குள்ள இருந்த ஆளுகதான் போயிட்டாக. எனக்குத் தகவல் சொன்ன லாரி டிரைவரை வேலைய விட்டு நிறுத்திட்டாக. இப்ப நான் கூப்பிட்டா ஒருத்தரும் எடுக்க மாட்டேங்குறாக. பேரு, ஊரு போடாம எழுது. ஆனா எழுதாம விட்டுறாத.”

அப்பாவின் பழைய ஸ்கூட்டரில்தான் போயிருந்தேன். அதிலேயே திரும்பினேன். கட்டுரை அன்றைக்கே பாதி வந்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில், மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக என்னிடம் வந்தார்.

“கோட்டையூருக்கு எதுக்குப் போன?”

“கட்டுரைக்குப்பா. ஏன்?”

“பச்சைச் சுடிதார் போட்டுக்கிட்டுப் போனியா?”

தலையாட்டினேன். அப்பா குரலைத் தாழ்த்தினார். “ஆபீஸ்ல ஒருத்தரு ரிப்போர்ட்டை வாசிக்கிறாரு, நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். பச்சைச் சுடிதார் போட்ட பொண்ணு வந்துச்சு, ரொம்ப நேரம் பேசிட்டுப் போச்சு, வண்டி நம்பரு இன்னதுன்னு. நம்ம வண்டி நம்பரு! தெரியாத மாதிரி உக்காந்திருந்தேன்.”

“அந்த நிருபரு வாசல்ல ஆளு போட்டிருக்காகளா அப்பா?”

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். குழம்புச் சட்டியோடு வந்த அம்மா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

“பேரை வாபஸ் வாங்கிரு,” என்றார் கடைசியில். “நம்பரு யாருதுன்னு பாக்க அவுகளுக்கு எம்புட்டு நேரமாகும்?”

கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதைவிடப் பெரிய சான்று எனக்கு எங்கே கிடைக்கும்? ஆனால் ஒரு வரி எழுதினாலும், யார் சொன்னது என்று எவரும் தேட வேண்டியதில்லை. அந்த லாரி டிரைவர் இருந்த இடத்தில் இப்போது என் அப்பா இருந்தார். எழுதாவிட்டாலோ, தன் வாசலில் ஆள் நிற்பது அந்த நிருபருக்குத் தெரியப்போவதில்லை. போன் செய்து சொல்லவும் பயம். மறுபடி நேரில் போவது அதைவிடப் பயம்.

கடைசியில் டிரைவரின் கதையைப் பேரில்லாமல் எழுதினேன். வாசலில் நின்ற ஆளை விட்டுவிட்டேன். போட்டியிலிருந்து விலகவில்லை. அதனால் அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார்.

போட்டி அன்று மேடையேறியதும் கடைசி வரிசையில் அப்பா தெரிந்தார். என் கட்டுரையைக் கேட்க வந்தவரா, வேலையாக வந்தவரா? இரண்டும்தான் என்று அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. நடுவில் ஒரு நாற்காலியில் நிருபரும் இருந்தார். எப்படி வாசித்து முடித்தேன் என்று நினைவில்லை.

நடுவர்களில் ஒருவர், நரைத்த தலை வழக்கறிஞர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: “எல்லாம் மத்தவங்க சொன்னதா இருக்கேம்மா. கண்காணிப்பை நீயே நேர்ல அனுபவிச்சது உண்டா?”

இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. மைக்கில் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. அப்பா குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உண்டு சார்,” என்றேன். “ஆனா அதைச் சொன்னா எனக்குச் சொன்னவங்களுக்கு ஆபத்து. சொல்ல மாட்டேன்.”

நிருபர் மெல்லத் திரும்பி, பின்வரிசைகளை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தன் வாசலில் ஆள் நிற்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

எனக்குப் பரிசு இல்லை. சான்று காட்டாத பதிலுக்கு மதிப்பெண் தர விதியில் இடமில்லை என்று அந்த நடுவரே வந்து வருத்தத்தோடு சொன்னார். வாசலில் அப்பா ஸ்கூட்டரோடு நின்றார். வீட்டுத் தெரு திரும்பும்போதுதான், “உண்டுன்னியே, அது போதும் அவுகளுக்கு,” என்றார்.

போதுமாகத்தான் இருந்தது. அப்பாவை மேலதிகாரிகள் கூப்பிட்டு விசாரித்தார்கள். வண்டி தன்னுடையது, போனது தன் மகள், ஆபீஸில் கேட்டதை அவளிடம் சொன்னதும் தானே என்று ஒன்றையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் மாவட்டத்தின் மறுகோடியில் ஒரு ஸ்டேஷனுக்கு மாற்றல் வந்தது. மறுபடி சீருடை, விடுமுறை கிடைத்தால்தான் வீடு. அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேச வெகுநாள் ஆனது. நிருபர் செய்தி அனுப்புவதை நிறுத்தவில்லை. ஆனால் ஆட்களைத் தன் வீட்டுக்கு வரச் சொல்வதை விட்டுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்திருந்தபோது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். “அன்னைக்கு நான் இல்லைன்னு சொல்லியிருக்கணுமாப்பா?”

பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினார்.

“சொல்லியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்,” என்றார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “பசிக்குது. உங்கம்மாவச் சோத்தப் போடச் சொல்லு. நீயும் வந்து உக்காரு.”