சிவப்பு நாற்காலியும் ஒரு சாரியும்

யு.கே.ஜி. வகுப்பில் பாடம் நடத்துவது கால் பங்கு வேலை. மூக்கைத் துடைப்பது, தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து கொடுப்பது, அழுகிற பிள்ளை ஏன் அழுகிறது என்று கண்டுபிடிப்பது, இதெல்லாம் முக்கால் பங்கு. என்னைப் போல் சின்னப் பிள்ளைகளிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கீழே இருப்பதைப் படித்துவிட்டு நீங்களாவது என்னைத் திட்டாமல் இருந்தால் சரி.

மீசை வைத்த மிஸ்

ஆறு வருஷம் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்தவன் நான். இடுப்பு வலி தாங்காமல் எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டையிலேயே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். யு.கே.ஜி.க்கு ஆண் வாத்தியாரா என்று ஹெட்மிஸ்ட்ரஸ் மேடத்துக்குத் தயக்கம். மூன்று மாதம் பார்க்கலாம், சரிப்படாவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் எடுத்தார்.

பிள்ளைகளுக்கு வாத்தியார் என்றாலே மிஸ்தான். முதல் நாளே நானும் மிஸ் ஆனேன். 'சார்' என்று கூப்பிடச் சொல்லி ஒரு வாரம் தொண்டை கிழியக் கத்தினேன். கடைசியில் முன்வரிசை ஜெனிபர் என்மேல் இரக்கப்பட்டு மற்ற பிள்ளைகளை அதட்டினாள்: "இன்னா நீங்க, எத்தினி வாட்டி சொல்றது? மிஸ்ஸ சார்னு கூப்புடுங்க!"

நேராக உட்காருவது எப்படி

முப்பது பிள்ளைகளில் ஒன்றுகூட நாற்காலியில் ஒழுங்காக உட்காராது. ஜெனிபர் உட்காரவே மாட்டாள், குதிப்பாள். மூன்றாவது மாதத்தின் கடைசி வாரம் அது. "மிஸ் எப்டி உக்கார்றேன், பாருங்க" என்று, என்னை நானே மிஸ் என்று சொல்லிக்கொண்டு, கைப்பிடி வைத்த குட்டி சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து காட்டினேன்.

உட்கார்ந்தது சரி. எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். குனிந்தேன், குலுக்கினேன், சுவரில் முட்டுக் கொடுத்துத் தள்ளினேன், கழலவில்லை. ஐந்தாறு பேர் ஓடிவந்து பின்னாலிருந்து இழுத்தார்கள். படாரென்று நாற்காலிக் கால் ஒன்று முறிந்து, நாற்காலி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கைதட்டல் அடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மிஸ், இன்னொரு வாட்டி!"

மேடம் வந்தார்

சத்தம் கேட்டு மேடம் வந்துவிட்டார். "யார் இதை ஒடச்சது?" என்றார். என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அந்த வாரம்தான் முடிவு செய்வதாக இருந்தார். மறுபடியும் அந்த ரயிலா என்று நினைத்தேன். "ஜெனிபர், மேடம். குதிச்சிக்கிட்டே இருந்தா" என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு ஐந்து வயசு.

எங்கள் வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு, நானே ஏற்படுத்தியது. தப்பு செய்தவர் முன்னால் வந்து சாரி சொல்ல வேண்டும், மற்றவர்கள் சேர்ந்து 'இட்ஸ் ஓகே' சொல்ல வேண்டும், அதோடு விஷயம் முடிந்தது. ஜெனிபர் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, கையைக் கட்டிக்கொண்டு சாரி சொன்னாள். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்திருந்த இருபத்தொன்பது பேரும் "இட்ஸ் ஓகே ஜெனிபர்" என்றார்கள். மேடத்துக்கு மனசு நிறைந்துவிட்டது. போகும்போது என்னிடம் சொன்னார்: "பிள்ளைங்கள நல்லா பழக்கி வச்சிருக்கீங்க, சார்."

அவள் அப்பா

மேடம் வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார் போலிருக்கிறது, மறுநாள் காலையில் ஜெனிபரின் அப்பா வந்தார். அவரும் பெங்களூர் ரயில்காரர்தான், ஒரே பெட்டியில் நின்றுகொண்டு போயிருக்கிறோம். கையில் பஜாரில் வாங்கிய புது சிவப்பு நாற்காலி. மேடத்தின் அறை வாசலில் நின்று அதை என்னிடம் நீட்டினார்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. "சேர் ஒடையற மாதிரி பாப்பா விழுந்திருக்குது, கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது சார். உள்ள எங்கனா அடிகிடி பட்டிருக்கப் போவுதுன்னு லீவு போட்டுட்டேன், டாக்டராண்ட காட்டணும்."

என் முறை

அவரையும் மேடத்தையும் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளைகள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "நாற்காலிய ஒடச்சது நான். ஜெனிபர் இல்ல. நான் பொய் சொன்னேன். சாரி" என்றேன். ஜெனிபரின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்காக அவர் வெட்கப்பட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிள்ளைகளுக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை. "இட்ஸ் ஓகே மிஸ்!" என்று கூரை அதிரக் கத்தினார்கள். ஜெனிபர் மட்டும் அதில் சேரவில்லை. என் முன்னால் வந்து நின்று கேட்டாள்: "அப்போ நான் சொன்ன சாரிய எப்போ திருப்பிக் குடுப்பீங்க, மிஸ்?"

மேடம் என்னை வேலையில் விட்டுவைத்திருக்கிறார். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் விழிப்பது பிள்ளைகளின் வேலை என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.