கொடி மாறிய சூரை

கூடுவாஞ்சேரி மார்க்கெட்டில் மெஹர் பானு மீன் விற்க உட்கார்ந்து பத்தொன்பது வருஷம். செவுளைத் தூக்கிப் பார்த்தே மீன் என்றைக்குப் பிடிபட்டது என்று சொல்லிவிடுவாள். அந்தக் கடையை வைத்துத்தான் தம்பி அய்மானைப் படிக்க வைத்தாள். அவனோ வெளிநாட்டு மீன்பிடிக் கப்பலில் வேலைக்குப் போய்விட்டான்.

போன ஆடியில் அவனிடமிருந்து போன். இன்ஜின் பழுதாகிக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்திருக்கிறதாம். குளிர் அறையில் ஏழு டன் சூரை மீன் கிடக்கிறதாம். மெஹர் பானு விடுவாளா? இருநூறு கிலோவாவது வாங்கிவிடலாம் என்று ஐஸ் பெட்டிகளை ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

துறைமுகத்தில், பழுதுபார்க்க மட்டுமே அனுமதி, ஒரு மீன்கூடக் கரையிறங்கக் கூடாது என்றார்கள். கப்பல் ஏஜென்டின் ஆபீசில் ஆபேல் என்பவர் அவளை உட்காரவைத்துப் பேசினார்.

"புட்ச்சது என் தம்பி சார். அது எப்டி வெளிநாட்டு மீன் ஆச்சு?"

"கப்பல் எந்த நாட்டுக் கொடியோ, மீனும் அந்த நாட்டுதும்மா."

"அப்போ என் தம்பி?"

"அவர் இந்தியர்தான். அவர் இறங்கலாம்."

இதே சூரை வேறு நாட்டில் இறங்கி, உரிய அனுமதியும் சான்றிதழும் வாங்கி, கண்டெய்னரில் வந்தால் வரலாம் என்றும் சொன்னார். இதே மீனா என்று கேட்டாள். இதே மீன்தான் என்றார். புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வெளியே வந்தவளுக்கு, வந்த வழியே மறந்துபோயிற்று.

ஒரு மணி நேர அனுமதியில் அய்மான் துறைமுக கேட்டுக்கு வெளியே வந்தான். வண்டியில் காலிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, அக்கா கொண்டுவந்த வஞ்சிரக் குழம்பைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டான். இளைத்திருந்தான். மீதிக் குழம்பைக் கூட்டாளிகளுக்கு எடுத்துப்போனபோது காவலர் தூக்குவாளியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டுவிட்டார்.

"நம்ம மீன் உள்ள போலாம், உன் மீன் வெளிய வரக் கூடாதா? இன்னாடா இது?"

"எனக்கும் புரியலக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் இன்ஜின் சரியாகி, ஏழு டன்னோடு கப்பல் புறப்பட்டது. அடுத்த ஞாயிறு, வாடிக்கையாக வரும் சரோஜினி டீச்சர் சூரை இல்லையா என்று கேட்டார். கொடி, அனுமதி, கண்டெய்னர் என்று மெஹர் பானு சொல்லிக்கொண்டே போனாள். பாதியில் அவளுக்கே குழம்பியது.

"சங்கரா நல்லா கீது டீச்சர், அத்த எட்த்துக்கோங்க" என்று தராசை இழுத்தாள்.