சாட்சிக்கு ஒட்டிய இரண்டு புல்

என் பழைய ஃபைல் ஒன்றில், ஒரு புகார்க் கடிதத்தின் கார்பன் நகலோடு இரண்டு புல்லிலைகள் செலோடேப்பில் ஒட்டப்பட்டிருக்கின்றன. நுனியில் மட்டும் ஒட்டியிருப்பதால் புரட்டிப் பார்க்கலாம். கடிதத்தை எழுதியவள் நான்தான். அதில் திருடர் என்று நான் எழுதிய மனிதரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் யமுனைக்கு அக்கரையில் ஓர் அரசாங்கப் பால்பண்ணையின் தீவனப் பிரிவில் எனக்கு வேலை. சரோஜினி நகரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். யாரையும் லேசில் நம்பாத சுபாவம் எனக்கு. காய்கறிக்காரரின் படிக்கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கத்தரிக்காயில் கை வைப்பேன். என் வீட்டுக்காரருக்கு இதில் மானம் போகும். ஆனால் எங்கள் சூப்பிரண்டுக்கு, அவர் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், அதுதான் என்னிடம் பிடித்தது. “உங்க கண்ணுக்குத் தப்பி ஒரு புல்லு வெளிய போகாதுங்கம்மா” என்பார். நானும் உச்சி குளிர்ந்துபோவேன்.

அந்த வருஷம் முதல்முறையாக ரைகிராஸ் விதை வந்தது. குளிர்காலத் தீவனப்புல். அக்டோபர் கடைசியில் விதைத்தால் இரண்டு மாதத்தில் முதல் அறுப்பு. பிறகு அறுக்க அறுக்க, வெயில் ஏறும்வரை துளிர்த்துக்கொண்டே இருக்கும். கறவை மாடுகள் மற்ற தீவனத்தை மூக்கால் தள்ளிவிட்டு அதைத் தேடித் தின்றன. விதையைச் சோதித்து, சுத்தம் என்று கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

பண்ணையை ஒட்டியிருந்த கோதுமை வயல் ஒரு சௌத்ரியுடையது. நிலமுள்ள பெரியவர்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். முதல் அறுப்புக்கு முன்பே அவர் வந்து, உங்கள் புல்லுக்குள் மண்டூசி முளைத்திருக்கிறது, பிடுங்க ஆள் விடுங்கள் என்று கேட்டார். மண்டூசி கோதுமையைப் போலவே வளர்ந்து, கோதுமைக்கு முன்பே விதையை உதிர்த்து, அடுத்த வருஷம் வயலையே பிடித்துக்கொள்ளும் களை. சூப்பிரண்டு என் சான்றிதழைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பினார். எனக்கு உடனே பொறி தட்டியது. நம் வயலுக்குள் நுழைய இந்த ஆள் வழி தேடுகிறார் என்று நினைத்தேன்.

அதன் பிறகு தினமும் புல்லை எண்ணாத குறைதான். பனி படிந்த பாத்தியில் காலடித் தடம் இருந்தது. இங்கொரு பிடி, அங்கொரு பிடி காணாமல் போயிருந்தது. ஒருநாள் முதல் பஸ்ஸிலேயே போய் வரப்பில் காத்திருந்தேன். போர்வைக்குள் ஒரு கட்டோடு சௌத்ரி வெளியே வந்தார். புல்லின் அடித்தண்டு சிவந்திருந்தது. ரைகிராஸின் அடையாளம் அது என்று நான் படித்திருந்தேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே குஷி.

அலுவலகத்தில் அவர் சத்தம் போடவில்லை. எருமைக்குப் போடுகிறேன்தான், ஆனால் பிடுங்கியது மண்டூசியை மட்டும் என்றார். கட்டிலிருந்து ஓர் இலையும், வரும் வழியில் பாத்தியில் கிள்ளிய ஓர் இலையும் என் மேஜையில் வைத்தார். “பெஹன்ஜி, உல்டா கர்கே தேக்கியே” என்றார். சகோதரி, திருப்பிப் பாருங்கள் என்கிறார். படிக்கல்லைப் புரட்டும் நான் அந்த இலைகளைப் புரட்டவில்லை. சாட்சி என்று கடிதத்தின் ஃபைல் நகலில் ஒட்டினேன். அவர் பண்ணைப் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவாயிற்று.

மார்ச்சில், விதைக்கு விட்டிருந்த பாத்திகளில் கதிர் வந்தது. ரைகிராஸின் தட்டையான கதிர்களுக்கு நடுவே, விரல்நுனி போல் உருண்டு திரண்ட கதிர்கள் நூற்றுக்கணக்கில் நின்றன. விதையும் உதிரத் தொடங்கியிருந்தது. ஓடிப்போய் ஃபைலைத் திறந்தேன். பாத்தியில் கிள்ளியதன் முதுகு எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தது. கட்டிலிருந்து எடுத்தது மங்கலாக இருந்தது. சிவந்த தண்டு இரண்டுக்கும் உண்டாம்.

பிறகு மீதிச் சாக்கைத் தரையில் கொட்டினேன். ரைகிராஸ் விதை உமிபோல் லேசானது. அடியில் குட்டிக் குட்டியாக, கனமாக, மினுமினுப்பான மண்டூசி விதைகள் தங்கியிருந்தன. சாக்கின் அடிவரை செருகி மாதிரி எடுக்கும் குழாய், நான் விதையைச் சோதித்த அன்று பூட்டிய அறையில் இருந்தது. சாவிக்காரர் சாப்பிடப் போயிருந்தார். நான் மேலாக ஒரு கைப்பிடி அள்ளிச் சோதித்திருந்தேன். ஊரில் உள்ளவர்களையெல்லாம் சந்தேகப்பட்டேனே, அந்தக் கைப்பிடியை மட்டும் சந்தேகப்படவில்லை. இதை யாரிடமும் நான் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயம்.

அடுத்த குளிர்காலத்தில், எங்கள் பாத்தியில் உதிர்ந்த விதையோடு வாய்க்கால் தண்ணீர் பாய்ந்த அவருடைய கோதுமையில் பாதி மண்டூசியாக இருந்தது. அவரும் மனைவியும் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, “ராம் ராம், பெஹன்ஜி” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் தலையாட்டிவிட்டு நடந்தேன்.

இப்போது மயூர் விஹாரில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். அந்த வயல்களின் மேல் எங்கோ இப்படித்தான் வீடுகள் நிற்கின்றன. இலைகள் இரண்டும் வைக்கோல் நிறமாகிவிட்டன. ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டிப் பார்க்கிறேன். எது பளபளத்தது, எது மங்கல் என்று இப்போது எனக்கே தெரியவில்லை. கீழே என் கையெழுத்து மட்டும் தெளிவாக இருக்கிறது.